பணிய லயம், கடைசிக் காம்பரா

மழையில் நனைந்த ஒரு பொலித்தீன் சிலிசிலி பை. அதற்குள் இன்னொரு சிலிசிலி பை. அதற்குள் மூன்றாக மடித்த ஒரு பிறப்புச் சான்றிதழ்.

செல்வராணி என்ற பெண்ணை நான் முதன்முதலில் பார்த்தது இப்படித்தான். பையைப் பிரித்துக்கொண்டு நின்ற இரண்டு கைகளை மட்டும் பார்த்தேன். முகத்தைப் பார்க்கவில்லை. நீதிமன்றப் பதிவறை ஜன்னலுக்கு முன்னால் வந்து நிற்கிறவர்களின் முகத்தைப் பார்க்கிற பழக்கம் அந்தக் காலத்தில் எனக்கு இல்லை. கையில் என்ன கடதாசி இருக்கிறது என்று மட்டும்தான் பார்ப்பேன்.

"ஐயா, எம் புள்ளைய இந்தக் கோர்ட்டுல இருந்துதான் எங்கயோ அனுப்பியிருக்காங்களாம். எந்த எடம்னு மட்டும் சொல்லுங்கய்யா."

"வழக்கு நம்பர்?"

"நம்பர் தெரியாதுங்க."

"வருஷமாவது தெரியுமா?"

"நான் குவைத்துக்குப் போன அடுத்த வருஷங்க. தோட்டத்துத் திருவிழா முடிஞ்ச கையோடன்னு பக்கத்துக் காம்பராவுல சொன்னாங்க."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "திருவிழா பாத்தெல்லாம் இங்க ஃபைல் அடுக்கலம்மா. போயி நம்பர் எடுத்துக்கிட்டு வாங்க" என்றேன். அந்தக் கைகள் சான்றிதழை மறுபடி மடித்து, முதல் பையில் போட்டு, அதை இரண்டாவது பையில் போட்டு, ஜன்னலை விட்டு நகர்ந்தன. நான் டீ குடிக்கப் போய்விட்டேன்.

பூஞ்சணத்தோடு முப்பது வருஷம்

நான் நீளக் களிசான் போட்டு முதல் நாள் வேலைக்குப் போன கதையைப் போன வாரம் இந்தப் பத்தியில் படித்த ஒரு வாசகர் போன் எடுத்தார். "கோர்ட்டுல முப்பது வருஷம் என்னாதாங்க செஞ்சீங்க?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். பதில் ஒரு வரிதான்: ஃபைல் தேடினேன்.

மலைநாட்டில் ஒரு பதிவறை எப்படி இருக்கும் என்று கொழும்பிலே இருக்கிறவர்களுக்குத் தெரியாது. காலையில் ஜன்னலைத் திறந்தால் மேகம் உள்ளே வரும். மத்தியானம் வரைக்கும் போகாது. வழக்கேடுகள் எல்லாம் சிவப்புத் துணியில் கட்டி, ராக்கை ராக்கையாகக் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கும். அவிழ்த்தால் பச்சையும் சாம்பலுமாகப் பூஞ்சணம். மாசிப் பனியில் கடதாசி அப்பளம் மாதிரி விறைக்கும். ஆடி மழையில் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். முப்பது வருஷம் அந்த வாசத்தைச் சுவாசித்ததில் என் சட்டைக்கே அந்த வாசம் வந்துவிட்டது என்று வீட்டுக்காரி சொல்லுவாள்.

ஆனால் எனக்கு அதில் ஒரு கர்வம் இருந்தது. மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். சட்டத்தரணி ஒருவர் வந்து ஒரு பழைய காணி வழக்கைக் கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு, "மூணாவது ராக்கை, மேல் தட்டு, பூனை குட்டி போட்ட கட்டுக்குப் பக்கத்துல" என்பேன். போய்ப் பார்த்தால் இருக்கும். அவர் வாயைப் பிளப்பார். எனக்கு லீவு என்றால் கோர்ட்டுக்கே லீவு என்று பேசிக்கொள்வார்கள். அந்தப் பேச்சைக் கேட்பதற்காகவே நான் அதிகம் லீவு எடுப்பதில்லை.

நம்பர் இருந்தால் நிமிஷத்தில் எடுத்துத் தருவேன். பேர் இருந்தால் பெயர்ப் பதிவேட்டைப் புரட்டி எப்படியோ எடுப்பேன். இரண்டும் இல்லையென்றால் கையை விரிப்பேன். அதுதான் என் சட்டம்.

தேங்காய் உடைத்த பெட்டி

அப்படி இருக்கும்போதுதான் கொம்பியூட்டர் வந்தது. லொறியில் இருந்து பெட்டிகளை இறக்கியபோது எங்கள் ஒப்பீஸே வாசலுக்கு வந்துவிட்டது. நல்ல நேரம் பார்த்து, சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் ஒரு தேங்காய் உடைத்தோம். சிங்களவரான ரெஜிஸ்ட்ரார் மாத்தியா புத்த பன்சலையிலிருந்து பிரித் ஓதிய நூல் கொண்டுவந்து பெட்டிக்கு ஒரு சுற்று கட்டினார். கத்தோலிக்கரான எங்கள் பியோன் சிலுவை போட்டார். மூன்று மதமும் சேர்ந்து ஆசீர்வதித்த அந்தப் பெட்டி முதல் நாள் வேலை செய்யவில்லை. வயரைச் செருகவில்லை என்பது பிறகுதான் தெரிந்தது.

செருகியது தயாளினி. உடப்புசல்லாவைப் பக்கத்துப் பிள்ளை. அப்பாவும் அம்மாவும் தோட்டத்தில் வேலை. படித்து, பரீட்சை எழுதி, எங்கள் கோர்ட்டுக்குக் கிளாக்கராக வந்திருந்தாள். பழைய வழக்குகளை எல்லாம் கொம்பியூட்டரில் ஏற்றும் வேலையை அவளிடம் கொடுத்தார்கள். அதாவது, என் தலைக்குள் இருந்ததை எல்லாம் எடுத்து அந்தப் பெட்டிக்குள் போடுகிற வேலை. எனக்கு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

முதல் வாரமே வம்புக்கு இழுத்தேன். "கரண்டு போனா ஓம் பெட்டி என்னா செய்யும் புள்ள?"

தலையைத் தூக்காமல் சொன்னாள்: "ஒங்களுக்குக் காய்ச்சல் வந்தா கோர்ட்டு என்னா செய்யும் சேர்?"

ரெஜிஸ்ட்ரார் மாத்தியாவுக்குத் தமிழ் அரைகுறை. ஆனாலும் இது விளங்கிவிட்டது. விழுந்து விழுந்து சிரித்தார். நான் இரண்டு நாள் அவளோடு பேசவில்லை.

எல்லாருக்கும் ஒரே விலாசம்

அவள் வேலை செய்கிற விதத்தைச் சொல்லவேண்டும். நான் பார்த்த நூறு பேரில் ஒருத்தர்கூட அப்படி இருந்ததில்லை.

கொழும்பிலே செய்து அனுப்பிய கொம்பியூட்டர்ப் படிவத்தில் விலாசத்துக்கு ஒரேயொரு கட்டம் இருந்தது. டவுன் ஆட்களுக்கு அது போதும், வீதி இருக்கிறது, வீட்டு இலக்கம் இருக்கிறது. தோட்டத்து ஆட்களுக்கு என்ன இருக்கிறது? தோட்டத்துப் பேர்தான். வரிசை வீடுகளான லயங்களில், காம்பராவுக்கு ஒன்றாக, ஒற்றை அறையில் குடியிருக்கிற முந்நூறு குடும்பத்துக்கும் அதுதான் விலாசம். கடிதம் எல்லாம் தோட்டத்து ஒப்பீசுக்குப் போகும். அங்கிருந்து கைமாறிக் கைமாறி வந்தால் உண்டு. அதே தோட்டத்தில் நாலு பெருமாள், ஏழு லெட்சுமி. ஒரு லெட்சுமிக்குப் போகவேண்டிய அழைப்பாணை இன்னொரு லெட்சுமியிடம் போய், போகவேண்டியவள் கோர்ட்டுக்கு வராமல், அவளுக்குப் பிடியாணை போன கதையெல்லாம் நடந்திருக்கிறது.

தயாளினி, "டிவிசன், லயம், காம்பரா மூணுக்கும் தனித்தனிக் கட்டம் வேணும்" என்று கொழும்புக்கு எழுதினாள். பதில் வரவில்லை. மறுபடி எழுதினாள். போன் எடுத்தாள். ரெஜிஸ்ட்ரார் மாத்தியாவைப் பிடித்துச் சிங்களத்தில் ஒரு கடிதம் எழுத வைத்தாள். கடைசியில் தொல்லை பொறுக்காமல் மூன்று கட்டமும் போட்டுக் கொடுத்தார்கள்.

அதோடு விட்டாளா? பொலிஸ் அறிக்கையில் "நான்காம் இலக்க லயம்" என்று இருக்கும். ஆனால் தோட்டத்தில் ஒருத்தருக்கும் நம்பர் தெரியாது. மேட்டு லயம், கீழே இருக்கிற பணிய லயம், ஸ்டோர் லயம், கோயில் லயம் என்றுதான் சொல்வார்கள். எது எந்த நம்பர் என்று கோர்ட்டில் யாருக்குத் தெரியும்? இவள் ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறினாள். லிந்துலைப் பக்கம், திம்புள்ளப் பக்கம், அட்டைக் கடிக்கு உப்பு மூட்டையைக் காலில் தேய்த்துக்கொண்டு, தோட்டம் தோட்டமாக ஏறி இறங்கி, ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டு வந்தாள். ஒருத்தரும் அவளைப் போகச் சொல்லவில்லை. பஸ் காசும் தரவில்லை.

நான் சும்மா இருப்பேனா? "என்னா புள்ள, லயம் லயமா மாப்பிள்ள பாக்குறியா?" என்றேன்.

"ஆமா சேர். நம்ம கோர்ட்டுலதான் ஒண்ணும் சரியில்லையே."

ஒரு தடவை அவளும் தடுக்கி விழுந்தாள். வழக்குக்கு வரவேண்டிய தவணைத் திகதியை ஆட்களுக்கு போன் மெசேஜாக அனுப்ப ஏற்பாடு செய்திருந்தாள். அருமையான யோசனைதான். ஆனால் மெசேஜ் போனவர்களில் பாதிப் பேர் தவணைக்கு வரவில்லை. விசாரித்துப் பார்த்தால், வீட்டில் இருக்கிற ஒரே போனை மகன் கொழும்புக் கடை வேலைக்குக் கொண்டுபோயிருக்கிறான்! அம்மாவுக்குப் போகவேண்டிய தவணை, புறக்கோட்டையில் துணி மடித்துக்கொண்டிருக்கிற மகனுக்குப் போயிருக்கிறது. நான் அன்று பட்ட சந்தோஷத்துக்கு அளவில்லை. அவளோ அடுத்த நாளிலிருந்து தவணை கேட்டுத் தன் அறைக்கு வருகிற ஒவ்வொருவரிடமும், "இந்த போன் இப்ப யாரு கையில இருக்கு?" என்று கேட்க ஆரம்பித்தாள். அதோடு தமிழில் திகதி அடித்த ஒரு துண்டும் கையில் கொடுத்தாள். பிணைக்காரர்கள் அந்தத் துண்டைச் சட்டைப் பையில் வைத்துத் தட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். தவணை எப்போது என்று தெரியாமல் நாள் முழுக்க மரத்தடியில் காத்துக்கிடந்த சனம் அது.

கோர்ட்டில் கேள், பொலிஸில் கேள்

செல்வராணி விடவில்லை. மாதத்தில் ஒரு தடவை, சில மாதம் இரண்டு தடவை, ஜன்னலில் அந்தச் சிலிசிலி பை தெரியும்.

அவள் கதையைத் துண்டு துண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். புருஷன் கொழும்புக்கு வேலைக்குப் போனவர், போனவர்தான். மகளுக்கு இரண்டு வயது. பிள்ளையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு, வீட்டு வேலைக்குக் குவைத்துக்குப் போனாள். அங்கே போனைப் பிடுங்கி வைத்துக்கொண்டார்கள். இங்கே நாத்தனாருக்கு வருத்தம் முற்றி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பிள்ளையைப் பார்க்க ஆளில்லாமல் பொலிஸ் வந்து, கோர்ட்டில் காட்டி, கோர்ட் ஒரு சிறுவர் இல்லத்துக்கு அனுப்பியது. நாத்தனார் செத்துப்போனார். எந்த இல்லம் என்று தெரிந்த ஒரே ஆள் அவர்தான்.

பொலிஸில் கேட்டால் கோர்ட்டில் கேள் என்றார்கள். சிறுவர் இல்லங்களுக்குப் பொறுப்பான நன்னடத்தைக் காரியாலயத்தில் பேரைச் சொன்னாள். அந்தப் பேரில் பிள்ளை இல்லை என்றார்கள். கோர்ட்டில் நான் நம்பர் கேட்டேன்.

தேடவே இல்லை என்று சொல்லமாட்டேன். கவிப்பிரியா என்று சான்றிதழில் இருந்த பேரை இரண்டு வருஷத்துப் பெயர்ப் பதிவேட்டில் பார்த்தேன். இல்லை. மூன்றாவது வருஷத்துப் பதிவேடு மேல் தட்டில் இருந்தது. ஏணி வைத்து ஏறவேண்டும். ஏறவில்லை. "தேடிட்டேன்மா, இல்ல" என்றேன். இதைப் பத்திரிகையில் எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. முழுப் பூசணிக்காயை எத்தனை நாளைக்குச் சோற்றில் மறைப்பது?

ஒரு திங்கட்கிழமை

அன்றும் மழை. அன்றும் அதே பை. நானும் வழக்கம்போல ஆரம்பித்தேன். "நம்பர் இல்லாம வராதீங்கன்னு எத்தன தடவம்மா சொல்றது?"

பின்னால் நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. தயாளினி எழுந்து வந்தாள். அதுவரை அவள் உள்ளே வேறு அறையில்தான் வேலை செய்துகொண்டிருந்தாள். அந்த வாரம்தான் அவளுடைய மேசையைப் பதிவறைக்கு மாற்றியிருந்தார்கள்.

"அக்கா, நீங்க எந்தத் தோட்டம்?"

செல்வராணி சொன்னாள். லிந்துலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்று.

"எந்த லயம்?"

"பணிய லயம்மா. கடைசிக் காம்பரா."

தயாளினி கொப்பியைப் புரட்டினாள். பணிய லயம் என்றால் நான்காம் இலக்கம். கடைசிக் காம்பரா என்றால் பத்து. தட்டினாள். அந்த லயத்து ஆட்கள் சம்பந்தப்பட்ட வழக்குகள் ஒன்பது வந்தன. சண்டை, சாராயம், விறகு. ஒன்பதில் ஒன்று மட்டும் சிறுபிள்ளை சம்பந்தப்பட்டது. காம்பரா இலக்கம் பத்து.

"புள்ளைய வீட்டுல என்னான்னு கூப்புடுவீங்க அக்கா?"

"பாப்பாத்தின்னுதாம்மா. எல்லாரும் அப்புடித்தான் கூப்புடுவாங்க."

திரையில் 'பாப்பாத்தி, வயது மூன்று' என்று இருந்தது.

எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. நாத்தனார் பொலிசுக்கு வீட்டுப் பேரைத்தான் சொல்லியிருக்கிறார். தோட்டத்தில் வேறு எந்தப் பேரைச் சொல்வார்கள்? சான்றிதழில் இருக்கிற பேர் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போதுதான் பெட்டியை விட்டு வெளியே வரும். இது எனக்குத் தெரியாதா? என் சான்றிதழில் இருப்பது சிவசுப்பிரமணியம். நான் பிறந்து வளர்ந்த லயத்தில் போய்ச் சிவசுப்பிரமணியம் எங்கே என்று கேட்டால், அப்படி ஒரு ஆளே இங்கே இல்லை என்பார்கள். கட்டையன் என்று கேட்டால்தான் வழி காட்டுவார்கள். இரண்டு பேரோடு அறுபது வருஷம் திரிகிற மனுஷனுக்கு, "பிள்ளைக்கு வீட்டுப் பேர் என்ன" என்று ஒரு வார்த்தை கேட்கத் தோன்றவில்லை.

ராக்கை இலக்கத்தையும் அந்தப் பெட்டியே சொன்னது. ஃபைல் இருந்தது என் நாற்காலிக்குப் பின்னால், கையை நீட்டினால் எட்டுகிற தட்டில். அந்தக் கட்டின் மேல்தான் நான் தினமும் என் மழைக்கோட்டைப் போடுவேன்.

"சேர், இதப் பாருங்க" என்றாள் தயாளினி. குரல் மாறியிருந்தது. திரையின் கீழே, இதோடு தொடர்புடைய இன்னொரு வழக்கு என்று ஒரு வரி இருந்தது. அதே கட்டடத்தில், மாடியில் இருக்கிற மாவட்ட நீதிமன்றத்து வழக்கு. பிள்ளையைத் தத்தெடுக்க ஒரு தம்பதி மனுப் போட்டிருக்கிறார்கள். தாயைப் பற்றித் தகவல் இல்லை, தோட்டத்து விலாசத்துக்கு அனுப்பிய அறிவித்தல் திரும்பி வந்துவிட்டது. கட்டளைக்குத் தவணை வியாழக்கிழமை.

இன்னும் மூன்று நாள். கட்டளை விழுந்துவிட்டால் பிள்ளை இன்னொருத்தர் பிள்ளை.

செல்வராணிக்கு அதை எப்படிச் சொல்வது என்று நான் விழித்துக்கொண்டிருந்தேன். தயாளினி அவளை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து, ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். செல்வராணி கத்தவில்லை. "அப்ப எம் புள்ள உசுரோட இருக்கா" என்றாள். அதுவரை அவளுக்கு அந்தச் சந்தேகம் இருந்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

மாடியில்

அந்த மூன்று நாளும் தயாளினி பம்பரமாகச் சுழன்றாள். இரண்டு ஃபைலையும் பிரதி எடுத்தாள். காசு வாங்காமல் ஆஜராக ஒரு சட்டத்தரணியைப் பிடித்தாள். பிறப்புச் சான்றிதழும் பொலிஸ் அறிக்கையும் சொல்வது ஒரே பிள்ளையைத்தான் என்று அத்தாட்சிப்படுத்த, தோட்டத்துத் தலைவரையும் பக்கத்துக் காம்பராக்காரியையும் வரச் சொன்னாள். நான் போய் டீ வாங்கிக் கொடுத்தேன். அதுதான் என் பங்கு.

வியாழக்கிழமை நான் மாடிக்குப் போய்ப் பின்வரிசையில் நின்றேன். தம்பதி வந்திருந்தார்கள். நல்ல சனம், பார்த்தாலே தெரிந்தது. அந்த அம்மா மடியில் ஒரு புதுப் பள்ளிக்கூடப் பை வைத்திருந்தார்.

நீதிபதி செல்வராணியைக் கூண்டில் ஏற்றி, "இவ்வளவு காலம் எங்கே இருந்தீர்கள்?" என்று கேட்டார்.

"புள்ளைக்கு ஒரு வீடு கட்டணும்னு போனேங்க. வந்து பாத்தா புள்ள இல்லைங்க."

"வந்த பிறகு ஏன் நீதிமன்றத்துக்கு வரவில்லை?"

"வந்துகிட்டுத்தாங்க இருந்தேன். வந்த மாசத்துல இருந்து வர்றேன்."

"யாரிடம் வந்தீர்கள்?"

செல்வராணி திரும்பி என்னைப் பார்த்தாள். அன்றைக்குத்தான் நானும் அவள் முகத்தை ஒழுங்காகப் பார்த்தேன். கன்னத்தில் ஒரு பழைய தீக்காயம். இந்தா போச்சு, பென்சன் போச்சு, மானமும் போச்சு என்று நினைத்தேன்.

"ஐயாமாருங்க தேடிக்கிட்டு இருந்தாங்க" என்றாள். "கெடைக்கலைங்க."

பிள்ளையைக் கொண்டுவந்தார்கள். இல்லத்து அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றது. இப்போது சிங்களம்தான் பேசும், தமிழ் மறந்துவிட்டது என்றார்கள். செல்வராணி கூண்டில் நின்றபடியே, "பாப்பாத்தி" என்றாள். பிள்ளை சட்டென்று திரும்பியது. இல்லத்திலும் அதே பேரைச் சொல்லித்தான் கூப்பிட்டிருக்கிறார்கள். அவர்களுக்கு வேறு பேர் தெரியாதே! நான் கேட்கத் தவறிய பேர், தாய் கூப்பிட்டதும் பிள்ளையைத் திருப்பியது.

மனு தள்ளுபடி. மூன்று மாதம் தாய் போய்ப் பிள்ளையோடு பழகவேண்டும், நன்னடத்தை அலுவலர் அறிக்கை தரவேண்டும், அதன்பிறகு பிள்ளை தாயோடு போகலாம். வெளியே வரும்போது அந்தத் தம்பதியின் அம்மா பள்ளிக்கூடப் பையைச் செல்வராணியின் கையில் கொடுத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் படியிறங்கிப் போனார். அவரையும் நான் மறக்கமாட்டேன்.

கட்டளைப் பிரதி

மூன்று மாதம் கழித்துச் செல்வராணி கட்டளையின் பிரதி வாங்க வந்தாள். கூடவே பிள்ளை. தயாளினி இரண்டு பேரையும் உள்ளே கூட்டிவந்தாள். பிரதியில் முத்திரை குத்திக் கொடுத்தேன். கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

"நான் ஒங்கள ஒரு ஆறேழு தடவ திருப்பி அனுப்பிட்டேன்மா. மனசுல வச்சுக்காதீங்க. பெரிய தப்பு."

"பதினொரு தடவைங்க ஐயா" என்றாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. திகதி கேட்டால் திகதி சொல்வது மாதிரிச் சொன்னாள். பிறகு குனிந்து பிள்ளையின் காதில், "ஐயாவுக்குக் கும்புடு" என்றாள்.

நம் பிள்ளைகள் கையைக் கூப்பும், ஓடிவிடும். இது சிங்கள இல்லத்தில் வளர்ந்த பிள்ளை. அப்படியே சீமெந்துத் தரையில் முழங்கால் போட்டு, இரண்டு கையையும் சேர்த்து, என் காலைத் தொடக் குனிந்தது.

ஐயோ, எனக்கு உடம்பெல்லாம் கூசியது. "வேணாம் புள்ள, எந்திரி, அந்த மிஸ்ஸக் கும்புடு" என்றேன். தாய் பழக்கிய ஒன்றிரண்டு தமிழ் வார்த்தைதான் அதற்கு விளங்கும், நான் சொன்னது விளங்கவில்லை. நான் சப்பாத்து இரண்டையும் நாற்காலிக்கு அடியில் இழுத்துக்கொண்டேன்.

பிள்ளை விடவில்லை. முழங்காலிலேயே நகர்ந்து வந்து, நாற்காலிக்கு அடியில் கையை விட்டு, என் காலைத் தேடித் தொட்டுக் கும்பிட்டது.